பிள்ளைகள் பேசட்டும், தோழர்களே

நினைவேந்தல் கூட்டங்களை முன்னின்று நடத்தும் தோழர்களுக்கு,

தென்னாப்பிரிக்க விடுதலைப் போராட்டம் பற்றி நீங்கள் பேசும் மேடைகளில் ரூத் ஃபர்ஸ்ட் பெயரும் அவ்வப்போது வருகிறது. ஆனால் எப்படி வருகிறது? மண்டேலாவுக்கு அரை மணி நேரம், காந்திக்குக் கால் மணி நேரம் போன பிறகு, "ஜோ ஸ்லோவோவின் மனைவி, வெடிகுண்டுக்குப் பலியானவர்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுகிறீர்கள். ஒருவருக்கு மனைவியாகவும் ஒரு குண்டுக்குப் பலியாகவும் மட்டுமே அந்தப் பெண் நம் மேடைகளில் எஞ்சி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. ரூத்தைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரை முன்வைத்து, நம் கூட்டங்களைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்கவும் வேண்டும்.

ரூத் 1925 மே 4 அன்று ஜோஹானஸ்பர்க்கில் பிறந்தார். தந்தை ஜூலியஸ் லாட்வியாவிலிருந்தும், தாய் டில்லி லித்துவேனியாவிலிருந்தும் சிறு வயதிலேயே வந்து சேர்ந்த யூதர்கள். ஜார் ஆட்சியின் ஒடுக்குமுறைக்கும் வறுமைக்கும் தப்பி அந்தப் பகுதியிலிருந்து யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிய காலம் அது. வந்து இறங்கிய நாட்டில் தோலின் நிறம் அவர்களை வெள்ளையர் வரிசையில் சேர்த்துவிட்டது. கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டு வாயை மூடி வாழ்ந்திருக்கலாம். பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். மரச்சாமான் தொழிற்சாலை நடத்திய ஜூலியஸ், தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் தொடக்க கால உறுப்பினர். டில்லியும் அதே கட்சிதான். ஜோஹானஸ்பர்க் நகர மண்டபப் படிக்கட்டில் இடதுசாரிகள் கூட்டம் போடுவார்கள். மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பேச்சுகளைக் கேட்க வைத்தவர் டில்லி. அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மடலில் அவருக்கு முக்கியமான இடம் இருக்கிறது.

ரூத் வழிபாட்டுக்குப் போகிற யூதர் அல்ல. ஆனால் ஒரு நாட்டில் துரத்தப்பட்டவர்களின் பிள்ளை இன்னொரு நாட்டில் துரத்துபவர்களோடு சேர்ந்துகொள்ள முடியாது என்ற உறுத்தல் அந்தத் தலைமுறை யூதர்களில் ஒரு பகுதியினருக்கு இருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1956 டிசம்பரில் நிறவெறி அரசு தொடுத்த தேசத்துரோக வழக்கில் 156 பேர் கைதானபோது, அவர்களில் இருந்த வெள்ளையர்களில் பாதிக்கு மேற்பட்டோர் யூதர்கள். 1963-ல் விசாரணையின்றி 90 நாள் அடைத்து வைக்கும் சட்டம் வந்தபோது நாடாளுமன்றத்தில் அதை எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் ஹெலன் சுஸ்மன், அவரும் யூதப் பெண்தான்.

விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் ரூத்தோடு படித்தவர்களில் நெல்சன் மண்டேலா உண்டு. பிற்காலத்தில் மொசாம்பிக்கின் ஃப்ரெலிமோ விடுதலை இயக்கத்தைத் தலைமையேற்று நடத்திய எடுவார்டோ மோன்ட்லேன் உண்டு. இந்திய வம்சாவளி மாணவர்களான இஸ்மாயில் மீர், ஜே. என். சிங் உண்டு. மார்க்கெட் தெருவில் கோல்வாட் ஹவுஸ் என்ற கட்டடத்தில் மீர் குடியிருந்த வீடு இவர்கள் எல்லோரும் கூடிப் பேசும் இடம். இந்தியர்களின் நில உரிமையைப் பறித்த 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, தமிழர்கள் பெருமளவில் வாழ்ந்த டர்பன் இந்தியச் சமூகம் சத்தியாகிரகம் இருந்து சிறைக்குப் போனதை அறிந்த தலைமுறை அது. அதே ஆண்டு கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது. ஜோஹானஸ்பர்க் நகராட்சியின் சமூக நலப் பிரிவில் கிடைத்திருந்த வேலையை உதறிவிட்டு வேலைநிறுத்தத்துக்கு உதவப் போனார் ரூத். அப்போது அவருக்கு வயது 21.

அவர் செய்த வேலைகளில் ஒன்றையாவது நீங்கள் மேடையில் விரிவாகச் சொல்ல வேண்டும் என்றால், பெத்தாலைச் சொல்லுங்கள். டிரான்ஸ்வால் மாகாணத்தின் கிழக்கே உருளைக்கிழங்கு விளையும் ஊர் அது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நகரத்தில் பிடிபடும் கறுப்பினத்தவரிடம், வழக்கைச் சந்திக்கிறாயா, பண்ணை வேலைக்குப் போகிறாயா என்று கேட்டு, கைநாட்டு வாங்கி லாரியில் ஏற்றி அனுப்பும் முறை இருந்தது. 1947-ல் மைக்கேல் ஸ்காட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியாரோடு அந்தப் பண்ணைகளுக்குப் போனார் ரூத். அங்கே ஆட்கள் சாக்குப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு உடுத்தியிருந்தார்கள். இரவில் அவர்களை உள்ளே தள்ளி வெளியே பூட்டினார்கள். மேற்பார்வையாளர் கையில் சவுக்கு. இதையெல்லாம் பெயர், ஊர், கூலி விவரத்தோடு எழுதி ஜோஹானஸ்பர்க் செய்தியாளராகத் தன் பத்திரிகையில் வெளியிட்டார். ஒரு முறை எழுதிவிட்டு வேறு செய்திக்குப் போய்விடவில்லை; ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதினார். அப்படிச் சேர்ந்த கோபம்தான் 1959-ல் உருளைக்கிழங்குப் புறக்கணிப்பாக வெடித்தது. கிழங்கில் செத்துப்போன கூலியாளின் உருவம் தெரிகிறது என்று சேரிகளில் ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். விற்காத மூட்டைகள் சந்தையில் தேங்கின.

அந்தப் பத்திரிகையின் கதையும் சொல்லத் தக்கது. கார்டியன் என்ற பெயரில் வந்ததை அரசு தடை செய்தது. கிளாரியன் என்று வந்தது. பிறகு பீப்பிள்ஸ் வேர்ல்ட், அட்வான்ஸ், நியூ ஏஜ், கடைசியில் ஸ்பார்க். பெயரை மாற்றி மாற்றி அதே ஆட்கள் அதே செய்தியைப் போட்டார்கள். கூடவே ஃபைட்டிங் டாக் என்ற மாத இதழின் ஆசிரியர் பொறுப்பும் ரூத்துக்கு. மூன்று பெண் குழந்தைகளுக்குத் தாயாக இருந்துகொண்டே இத்தனையும் செய்தார்.

ஊர் ஊராக, நாடு நாடாக அலைந்தவர். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கறுப்பினத்தவர் பலியான ஷார்ப்வில் படுகொலைக்குப் பிறகு 1960-ல் நெருக்கடி நிலை வந்தபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஸ்வாஸிலாந்துக்குத் தப்பிப் போய்ச் சில மாதம் இருந்தார். அடுத்து நமீபியா, அங்கே உளவுப் பிரிவினர் பின்தொடர, மக்களைச் சந்தித்துக் குறிப்பெடுத்து 1963-ல் நூலாக்கினார். 1964-ல் நாட்டை விட்டு வெளியேறிய பிறகு நைஜீரியா, கானா, சூடான் என்று போய், ஆட்சியைக் கவிழ்த்த ராணுவ அதிகாரிகளையும் கவிழ்க்கப்பட்ட அரசியல்வாதிகளையும் நேரில் கேள்வி கேட்டார். ஆப்பிரிக்காவின் ராணுவப் புரட்சிகள் பற்றி 1970-ல் அவர் வெளியிட்ட நூல் அந்தப் பயணங்களின் விளைச்சல். பிறகு லிபியா பற்றி ஒரு நூல். விடுதலை பெற்ற நாடுகளின் தலைவர்களைப் புகழ்ந்து எழுதிவிட்டு வந்திருந்தால் எல்லோருக்கும் நல்லவராக இருந்திருப்பார். சுதந்திரம் வந்த பிறகும் ஜனங்கள் ஏன் பட்டினி கிடக்கிறார்கள் என்றுதான் கேட்டார். தன் இயக்கத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. சோவியத் யூனியன் செய்வதெல்லாம் சரி என்று ஏற்க மறுத்து, அதில் கணவரோடும் கம்யூனிஸ்ட் கட்சியோடும் மோதினார்.

இன்னொன்று. மண்டேலா சிறையில் இருந்தபோது அவருடைய உரைகளையும் கட்டுரைகளையும் தொகுத்து 1965-ல் நூலாகக் கொண்டுவந்தவர் ரூத். விடுதலைப் போராளி கோவன் இம்பெக்கி சிறைக்குள்ளேயும் தலைமறைவிலும் துண்டு துண்டாக எழுதியதைச் செப்பனிட்டு விவசாயிகளின் கிளர்ச்சி பற்றிய நூலாக்கியவரும் அவரே. கென்யாவின் அரசியல் தலைவர் ஒகிங்கா ஒடிங்கா தன்வரலாறு எழுத உதவியதும் அவர். நீங்கள் மேடையில் மண்டேலாவுக்கு ஒதுக்கும் அரை மணி நேரத்தில், அந்தச் சொற்கள் சிறைக் கதவைத் தாண்டி உலகத்துக்கு வந்ததற்கு யார் உழைத்தார் என்று ஒரு நிமிடம் சொல்லக் கூடாதா?

இப்போது சிறை.

1963 ஆகஸ்ட் 9. எழுதக் கூடாது, கூட்டத்துக்குப் போகக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்ததால் நூலகர் படிப்புக்குச் சேர்ந்திருந்தார் ரூத். பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வெளியே வந்தவரைப் பிடித்தார்கள். 90 நாள் சட்டம்: வழக்கு கிடையாது, வழக்கறிஞர் கிடையாது, தனிமைச் சிறை. படிக்க பைபிள் மட்டும். நாள் கணக்கு தவறிவிடுமோ என்ற பயத்தில், தன் அங்கியின் கழுத்துப் பட்டைக்குப் பின்னால், காவலர் கண்ணில் படாத இடத்தில், ஊசி நூலால் ஒரு நாளைக்கு ஒரு தையல் போட்டார். தையல் சீராக இல்லை என்று தோன்றும்போது அதைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி தைத்தார். செய்வதற்கு வேறு வேலை இல்லாத இடத்தில் அதுவே வேலை. அதே சட்டத்தில் பிடிபட்ட லுக்ஸ்மார்ட் இங்குட்லே என்ற தோழர் அந்த செப்டம்பரில் காவலிலேயே பிணமானார். 90 நாள் முடிகிற தறுவாயில் ரூத்திடம் விடுதலை என்றார்கள். வீட்டுக்குத் தொலைபேசி செய்யலாம் என்று தெருவில் காலடி வைத்ததும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இன்னொரு 90 நாள்.

இந்த இரண்டாம் முறையில் அவர் உடைந்தார். வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கினார். யாரையும் காட்டிக்கொடுக்காமல் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் போட்டு, பிறகு தான் வழுக்கத் தொடங்கிவிட்டதை உணர்ந்து நிறுத்தினார். தோழர்கள் தன்னைத் துரோகி என்று நினைப்பார்களோ என்ற எண்ணம் தாங்காமல் மாத்திரைகளை விழுங்கினார். அளவு போதாததால் பிழைத்தார். இதையெல்லாம் எதிரிகள் சொல்லித் தெரிந்துகொண்டதாக நினைக்காதீர்கள். 1965-ல் வெளிவந்த 117 நாட்கள் என்ற தன் நூலில் அவரே எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு பிபிசி அதைப் படமாக்கியபோது தன் பாத்திரத்தில் தானே நடித்தார். இரும்பு மனுஷி, அஞ்சா நெஞ்சம் என்றெல்லாம் சுவரொட்டியில் அடிக்க நமக்கு ஆசையாக இருக்கிறது. ரூத்தோ தன் உடைவை அச்சிலேற்றிக் கடையில் விற்க வைத்தார். அவர் மறைக்காததை நாம் ஏன் மறைக்க வேண்டும்?

அந்த 117 நாளும் வீட்டில் என்ன நடந்தது? ஜோ ஸ்லோவோ இயக்க வேலையாக நாட்டை விட்டுப் போய்விட்டார். 1990 வரை அவரால் திரும்ப முடியவில்லை. ரூத் உள்ளே. மூத்தவள் ஷானுக்கு 13 வயது, ஜில்லியனுக்கு 11, கடைக்குட்டி ராபின். மூன்று பேரும் பாட்டி டில்லி கையில். 1956-ல் தேசத்துரோக வழக்கில் அப்பா அம்மா இரண்டு பேரையும் ஒரே சமயத்தில் கொண்டுபோனதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். அப்போது மூத்தவளுக்கே ஆறு வயதுதான். பேரப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சிறை வாசலுக்குச் சாப்பாடும் மாற்றுத் துணியும் கொண்டு போய், மகளுக்குத் தைரியம் சொல்லி, திரும்பி வந்து அழுகிற பேத்தியைத் தேற்றியவர் டில்லி. நகர மண்டபப் படிக்கட்டுக்கு மகளைக் கூட்டிப் போனவர் அதற்கான விலையையும் தன் பங்குக்குக் கொடுத்தார். எந்தக் கூட்டத்தில் நீங்கள் அவர் பெயரைச் சொன்னீர்கள்?

ரூத் பிள்ளைகளை நேசிக்கவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விடுதலையானதும் 1964 மார்ச்சில், திரும்பி வரவே முடியாத வெளியேற்றச் சீட்டு வாங்கிக்கொண்டு மகள்களோடு லண்டனுக்குப் போனார். இங்கிலாந்தில் எழுதியும் பேசியும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தும் வீட்டை நடத்தினார். கேம்டன் டவுனில் லைம் தெரு வீட்டில் வளர்ந்த அந்தப் பெண்கள் மூவரும் எழுத்து, திரைப்படம் என்று கலையின் பக்கம் போனார்கள் என்றால், அம்மா அவர்களுக்கு என்ன கொடுத்தார் என்று புரிந்துகொள்ளலாம். அதே சமயம், அந்தப் பிள்ளைகளுக்குக் குறை எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். குறை இருந்தது. நிறைய இருந்தது. அதை அவர்கள் ஊரறியச் சொல்லியும் இருக்கிறார்கள்.

ஷான் எழுதிய திரைக்கதையில் கிறிஸ் மெங்கஸ் இயக்கிய எ வேர்ல்ட் அபார்ட் 1988-ல் வந்தது. அம்மாவைச் சிறைக்குக் கொண்டு போகும்போது 13 வயது மகள் படும் பாடு அது. வீட்டில் தொலைபேசி ஒலித்தால் பேச்சு நின்றுவிடும். கேள்வி கேட்டால் பதில் வராது. பள்ளித் தோழிகள் ஒவ்வொருவராக விலகுவார்கள். அம்மாவின் மனதில் ஊர்ஜனம் அத்தனைக்கும் இருக்கும் இடம் தனக்கு மட்டும் இல்லையே என்று அந்தப் பெண் வெந்து போகிறாள். ஜில்லியன் 1997-ல் எழுதிய நூல் இன்னும் ஆழம் போகிறது. பெற்றோர் இருவரும் போன பிறகு, அவர்கள் தன்னிடம் சொல்லாமல் மறைத்ததையெல்லாம் தேடிக்கொண்டு போகிறார். கொலைக்குத் திட்டமிட்ட உளவு அதிகாரி கிரெய்க் வில்லியம்சனின் எதிரே போய் உட்கார்ந்து கேள்வி கேட்கிறார். ரகசியம் காப்பது இயக்கத்துக்கு அவசியம் என்று அவருக்குப் புரிகிறது. தங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாமல் வளர்ந்த பயம் அதனால் ஆறிவிடவில்லை.

அந்த நூலில் வரும் ஒரு காட்சியை நீங்கள் அவசியம் படிக்க வேண்டும். 1995 ஜனவரியில் ஜோ ஸ்லோவோ இறந்தபோது குடியரசுத் தலைவராக இருந்த மண்டேலா துக்கம் விசாரிக்க வீட்டுக்கு வந்தார். மகள்களிடம் அப்பாவின் தியாகத்தைப் புகழ்ந்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் சொன்னதோ தன் வீட்டுக் கதை. வளர்ந்த மகளைக் கட்டியணைக்கப் போனபோது அவள் விலகி, நாட்டு மக்கள் அத்தனை பேருக்கும் தகப்பனாக இருந்தீர்கள், எனக்குத் தகப்பனாக இருக்க உங்களுக்கு நேரமே கிடைக்கவில்லை என்று வெடித்ததைச் சொன்னார். தன் மகளின் குற்றச்சாட்டை இறந்த தோழரின் மகள்கள் முன்னால் எடுத்து வைத்தார். எதிர்வாதம் எதுவும் அதோடு வரவில்லை. தோழர்களே, 27 ஆண்டு சிறையிருந்த அந்த மனிதருக்கு இருந்த துணிவு நம் மேடைகளுக்கு இல்லை.

நம் மேடைகளைப் பற்றியும் உங்களோடு மனம் விட்டுப் பேச வேண்டும். ஒரு தோழர் மறைந்துவிட்டால் நீங்கள் மண்டபம் பிடிக்கிறீர்கள், படத்திறப்புக்குத் தலைவரை அழைக்கிறீர்கள், அழைப்பிதழில் முப்பது பெயர் அச்சாகிறது. முப்பது பேரும் பேசுகிறார்கள். முக்கால்வாசிப் பேர் தங்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மறைந்தவரின் மகளையோ மகனையோ முன் வரிசையில் உட்கார வைத்து, பொன்னாடை போர்த்தி, கடைசியில் கூட்டம் கலையும் நேரத்தில் நன்றியுரை சொல்லச் சொல்கிறீர்கள். மேடை ஏறும் முன் காதோரம் ஒருவர், "அப்பாவைப் பத்தி நாலு நல்ல வார்த்தை சொல்லும்மா, போதும்" என்கிறார். அந்தப் பெண்ணிடம் நாலு வார்த்தைக்கு மேல் இருக்கிறது. காய்ச்சலில் கிடந்தபோது அப்பா மறியலில் இருந்தது, பள்ளிக் கட்டணம் கட்ட அம்மா தாலிக்கொடியை அடகு வைத்தது, கைது பற்றி வீட்டில் யாரும் தனக்குச் சொல்லாததால் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டது, இதெல்லாம் கலந்துதான் அவள் அப்பாவை நேசிக்கிறாள். அதைச் சொல்ல அங்கே இடமில்லை.

மறைந்தவர் பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். "குடும்பம், பிள்ளை குட்டி என்று பாராமல் களத்தில் நின்றார்" என்று ஒருவர் பேசுவார். அடுத்தவர், "சிறந்த தாயாகவும் இருந்தார், வீட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை" என்று சமன் செய்வார். இரண்டு பேரும் அவர் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். ஆண் தோழரைப் பற்றி இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதையும் கவனியுங்கள். ஜோ ஸ்லோவோ வீட்டில் இல்லாத ஆண்டுகள் ரூத் இல்லாத ஆண்டுகளை விட மிக அதிகம். இருந்தும் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போராடலாமா என்ற கேள்வி காலமெல்லாம் ரூத்தைத்தான் சுற்றியது. அந்தப் பிள்ளைகளிடமிருந்து தாயைப் பிரித்தது நிறவெறி அரசின் சட்டம். அதை மறந்துவிட்டுத் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகளின் குறையைக் கேட்கச் சொல்கிறேனே தவிர, அதை வைத்துத் தாயைத் தண்டிக்கச் சொல்லவில்லை.

கொலைகாரர்களும் அவரை ஒருவரின் மனைவியாகத்தான் நடத்தினார்கள். 1977-ல் ஆப்பிரிக்காவுக்குத் திரும்பிய ரூத், மபூட்டோவில் எடுவார்டோ மோன்ட்லேன் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு மையத்தில் ஆய்வு இயக்குநராக இருந்தார். பல்கலைக்கழகம் தாங்கிய பெயர் அவருடைய பழைய பல்கலைக்கழகத் தோழருடையது. அந்தத் தோழரும் 1969-ல் தபால் குண்டுக்கு இரையானவர். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்குக் கூலிகளாகப் போகும் மொசாம்பிக் விவசாயிகளைப் பற்றி, மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்துப் போய், குடிசை குடிசையாகக் கேட்டுப் பதிய வைத்தார். அவர்களின் வேலைப் பாட்டுகளையும் சேர்த்தார். அந்த நூல் அவர் இறந்த பிறகே வந்தது. 1982 ஆகஸ்ட் 17 அன்று அலுவலகத்தில் தபாலில் வந்த உறையைப் பிரித்தபோது குண்டு வெடித்தது. வயது 57. நிறவெறிக் காலக் குற்றங்களை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் வில்லியம்சனும் குண்டைச் செய்த ரோஜர் ராவனும் மன்னிப்புக் கேட்டு வந்தபோது, அந்த உறை ரூத்துக்கா, ஜோவுக்கா என்பதே தெளிவில்லை என்கிற பேச்சு எழுந்தது. ஆய்வு செய்து, எழுதி, கற்பித்து வாழ்ந்த ஒரு பெண்ணின் மரணம் கணவருக்குக் குறிவைத்தபோது நேர்ந்த பிசகாகிவிடப் பார்த்தது. மகள்கள் அதை எதிர்த்து நின்றார்கள். 2000-ல் கொலையாளிகளுக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. அம்மாவிடம் அத்தனை குறைபட்ட பிள்ளைகள்தான் அம்மாவின் பெயருக்காக ஆணையத்தின் வாசலில் நின்றவர்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

உங்கள் ஆட்சேபம் எனக்குத் தெரியும். வீட்டுக் குறைகளை மேடையில் பேச விட்டால் எதிரிக்கு வசதியாகிவிடும், இளைஞர்கள் பின்வாங்குவார்கள் என்பீர்கள். ஷானின் படம் வந்த ஆண்டைப் பாருங்கள். 1988. மண்டேலா இன்னும் சிறையில். நிறவெறி அரசு முழு அதிகாரத்தோடு இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு போராளியின் மகள் என் அம்மா எனக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னாள். அந்தப் படம் கான் விழாவில் நடுவர் குழுவின் பெரும் பரிசைப் பெற்றது. அதில் நடித்த மூன்று பெண்களும் நடிப்புக்கான விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். அரசியல் தீர்மானங்களைப் படிக்காதவர்கள் எல்லாம் 90 நாள் சட்டம் ஒரு வீட்டுக்குள் என்ன செய்யும் என்று திரையில் பார்த்தார்கள். மகளின் குறை இயக்கத்தை எங்கே பலவீனப்படுத்தியது? குறையே இல்லாத தியாகியைப் பார்த்து இளைஞர்கள் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாத்திரை விழுங்கி, பிழைத்து, வெளியே வந்து, மறுபடி எழுத உட்கார்ந்த ஒரு மனுஷியைப் பார்த்தால் கூட நடக்க வருவார்கள்.

ஆகவே கேட்கிறேன். வரும் ஆகஸ்ட் 17-க்கு எங்கேயாவது ஒரு சிறிய கூட்டம் போடுங்கள். நூலக அறையோ மொட்டை மாடியோ போதும். ரூத்தின் சிறை நூலையும் ஜில்லியனின் நூலையும் ஒரே அமர்வில் எடுத்துப் பேசுங்கள், ஒன்றை விட்டு மற்றொன்றைப் பேசாதீர்கள். தாயின் பக்கத்தைப் பேசுபவர் பெத்தாலையும் மபூட்டோவையும் சொல்லட்டும். மகளின் பக்கத்தைப் பேசுபவர் டில்லியைச் சொல்லாமல் இறங்க வேண்டாம். முடிந்தால் ஷானின் படத்தைத் திரையிடுங்கள். பதிப்பகம் நடத்தும் தோழர்கள் அந்த இரண்டு நூல்களையும் தமிழில் அடுத்தடுத்துக் கொண்டுவந்து ஒரே மேசையில் வையுங்கள்.

அதற்குப் பிறகு நம் சொந்த நினைவேந்தல்களுக்கு வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழ் அடிக்கும்போது மறைந்தவரின் பிள்ளைகள் பெயரை முதலில் போடுங்கள். தலைவர்கள் பேசி முடித்து ஜனம் எழுந்து போன பிறகு அவர்களை ஏற்றாதீர்கள்; கூட்டம் நிறைந்திருக்கும்போதே ஏற்றுங்கள். என்ன பேச வேண்டும் என்று யாரும் அவர்கள் காதில் ஓத வேண்டாம், நேரம் முடிந்தது என்று சீட்டு அனுப்பவும் வேண்டாம். கோபமாகப் பேசினால் கோபமாகவே பேசட்டும். பதில் சொல்ல யாரும் ஒலிபெருக்கிக்கு ஓடாதீர்கள். பேச விருப்பமில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், அந்த உரிமையும் அவர்களுடையது. வீட்டைத் தாங்கிய பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டுப் பெண் யாராக இருந்தாலும் அவர் பெயரை மேடையில் சொல்லுங்கள், உயிரோடு இருந்தால் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள்.

உயிரோடு இருக்கும் தோழர்களின் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. கைது வரும் என்று தெரிந்தால், பத்து வயதுப் பிள்ளைக்குப் புரிகிற மொழியில் முந்தின நாளே உட்கார வைத்துச் சொல்லுங்கள். ரகசியமாக இருக்க வேண்டியதைச் சொல்ல வேண்டாம். அப்பா எப்போது வருவார் என்று தெரியாது, அதுவரை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைச் சொன்னால் போதும். யார் பார்த்துக்கொள்வது என்பதை அந்தக் குடும்பத்துப் பெண்களின் தலையில் போட்டுவிட்டு ஒதுங்காமல், கிளைக் கூட்டத்தில் வைத்து முடிவு செய்து, பொறுப்பாளர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். மறியலுக்கு வண்டி ஏற்பாடு செய்பவர் யார் என்று எழுதும் அதே பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

தோழமையுடன்,
உங்கள் கூட்டங்களுக்குத் தொடர்ந்து வருகிறவர்களில் ஒருவர்